952

போன செமஸ்டர் தமிழ் மன்றம் நடத்திய எண்-சொல் போட்டியில் முதல் பரிசாக எனக்கு ஒரு எவர்சில்வர் தூக்குவாளி கொடுத்தாங்க. கடைசிக் கணக்கை நான் போட்ட விதத்தைப் பற்றி அன்னைக்கு அரங்கத்துல இருந்தவங்க இன்னும் பேசுறாங்க. மெஸ்ஸில் ஒரு ஜூனியர் என்னை "23850 அண்ணா"ன்னே கூப்பிடுறான். அவன் கூப்பிடும்போதெல்லாம் சாப்பாடு இறங்க மாட்டேங்குது. அதனாலதான் இதை எழுதுறேன்.

முதல்ல அந்தப் போட்டி எங்கிருந்து வந்ததுன்னு சொல்லிடறேன். 'கவுண்ட்டவுன்'னு ஒரு பிரிட்டிஷ் தொலைக்காட்சி நிகழ்ச்சி. 1982 நவம்பர் 2ஆம் தேதி சேனல் 4 என்ற புது அலைவரிசை தொடங்கினப்போ அதில் முதன்முதலா ஒளிபரப்பானதே இதுதான். இன்னும் ஓடுது. அதுக்கும் மூலம் ஒரு பிரெஞ்சு நிகழ்ச்சி. 1965இல் நீளமான சொல் கண்டுபிடிக்கிற ஆட்டமா மட்டும் தொடங்கி, 1972இல் எண்களையும் சேர்த்துக்கிட்டது.

ஆட்டம் ரொம்ப எளிமை. சொல் சுற்றில் போட்டியாளர் "உயிரெழுத்து", "மெய்யெழுத்து"ன்னு கேட்கக் கேட்க ஒன்பது எழுத்து அட்டைகள் பலகையில் வரும். முப்பது நொடியில் அதிலிருந்து எவ்வளவு நீளமான சொல் அமைக்க முடியும்னு பார்க்கணும். எழுத்துக்கு ஒரு புள்ளி. ஒன்பது எழுத்தையும் பயன்படுத்திட்டா பதினெட்டு. எண் சுற்றில் ஆறு அட்டைகள். 25, 50, 75, 100 நாலும் பெரிய எண்கள். 1 முதல் 10 வரை சின்ன எண்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு அட்டை. எத்தனை பெரிசு, எத்தனை சின்னதுன்னு போட்டியாளர் சொல்லலாம். அப்புறம் ஒரு கணினி மூன்று இலக்க எண் ஒன்றைக் காட்டும். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் மட்டும் வைத்து அந்த எண்ணைக் கொண்டுவரணும். ஒரு அட்டையை ஒருமுறைதான் தொடலாம். நடுவில் எங்கேயும் பின்னம் வரக் கூடாது. சரியா வந்தா பத்துப் புள்ளி.

இதெல்லாம் நடக்கும்போது பின்னாடி ஒரு பெரிய கடிகாரம். முள் பன்னிரண்டிலிருந்து ஆறு வரைக்கும், அரை வட்டம் மட்டும் சுத்தும். ஆலன் ஹாக்ஷா இசையமைத்த அந்த முப்பது நொடி இசையோட கடைசி "டுடும்" வரும்போது என் வயிறு இப்பவும் கலங்கும்.

ஜெயிச்சவங்களுக்கு என்ன பரிசு தெரியுமா? ஒரு டீப்பாட். கோடி ரூபா கிடையாது, கார் கிடையாது. எட்டு நாள் தொடர்ந்து ஜெயிச்சாலும் அதே டீப்பாட்தான்.

இன்னொன்றும் சொல்லணும், நம்ம ஆளுங்களுக்குப் பிடிக்கும். 1982லிருந்து 2008 வரை அந்த எண் பலகையில் நின்று, போட்டியாளர்கள் விழிக்கிற கணக்கையெல்லாம் நின்ன இடத்துலயே போட்டுக் காட்டினவர் கரோல் வார்டர்மேன். கேம்பிரிட்ஜில் இன்ஜினீயரிங் படிச்சவர். வாங்கினது மூன்றாம் வகுப்பு. நிகழ்ச்சிக்கு ஆள் தேவைன்னு வந்த விளம்பரத்தைப் பார்த்து அவருக்காக விண்ணப்பிச்சது அவங்க அம்மா. சி.ஜி.பி.ஏ. பற்றி வீட்டில் பேச்சு வரும்போது நான் இதைச் சொல்லிப் பார்த்தேன். பலன் இல்லை.

யூடியூபில் எனக்கு இந்த நிகழ்ச்சி கிடைச்சது மூன்றாம் வருஷ விடுமுறையில். வழக்கமா எல்லாருக்கும் முதல்ல கிடைக்கிற துண்டு எதுவோ அதுதான் எனக்கும் கிடைச்சது. 1997இல் ஒளிபரப்பானது. ஒரு போட்டியாளர் நாலு பெரிய எண்ணும் கேட்கிறார். பலகையில் 25, 50, 75, 100, கூடவே 3, 6. வரவேண்டிய எண் 952. முப்பது நொடி முடியுது. அவர் சொல்லச் சொல்ல கரோல் எழுதுறார். நூறும் ஆறும் 106. மூன்றால் பெருக்கு, 318. அதை 75ஆல் பெருக்கு. இந்த இடத்தில் கரோலுக்கே சிரிப்பு வருது. 23,850. அதில் 50 கழி, 23,800. 25ஆல் வகு. 952.

அந்தத் துண்டை நான் எத்தனை தடவை பார்த்திருப்பேன்னு கணக்கே இல்லை. அந்த நேரத்தில் எனக்கு அது தேவைப்பட்டதுன்னு நினைக்கிறேன். நாலாம் வருஷம் தொடங்கி மூன்று கம்பெனி வந்துட்டுப் போச்சு. மூன்றிலும் ஆப்டிட்யூட் சுற்றிலேயே வெளியே. கேள்வி தெரியாம இல்லை. மூளைக்குள்ள விடை வர்றதுக்கும் திரையில் அடுத்த கேள்வி வர்றதுக்கும் நடுவுல பத்து நொடி வித்தியாசம், அவ்வளவுதான். "நீ ஸ்லோடா"ன்னு நண்பர்கள் சாதாரணமாத்தான் சொன்னாங்க. நான் சாதாரணமா எடுத்துக்கலை. முப்பது நொடியில் ஒரு மனுஷன் 23,850 வரைக்கும் ஏறி இறங்குறதை ராத்திரி ஒரு மணிக்குப் பார்த்துக்கிட்டு இருப்பேன்.

தமிழ் மன்றச் செயலாளர்கிட்ட இந்த ஆட்டத்தைச் சொன்னதே நான்தான். "எண் சரி, சொல்லுக்கு என்ன பண்றது? தமிழ்ல 247 எழுத்துடா"ன்னார். முதல் முயற்சியில் உயிர்மெய் எழுத்துகளை அப்படியே அட்டையில் எழுதிப் பெட்டியில் போட்டுக் குலுக்கினோம். வந்தது ஞௌ, ணி, ழூ, றெ, டு... ஒன்பது எழுத்திலும் சேர்ந்து ஒரு சொல் வரலை. 'ணி'யில் தொடங்கும் சொல்லுக்கு எங்கே போறது?

அப்புறம்தான் உறைச்சது. அந்த நிகழ்ச்சியில் கேட்கிற மாதிரியே இங்கேயும் உயிர் தனியா, மெய் தனியா கேட்டா என்ன? க் ஒரு அட்டை, அ ஒரு அட்டை. சேர்ந்தா 'க'. படம்னா ப், அ, ட், அ, ம் என்று ஐந்து புள்ளி. ஆறாம் வகுப்பில் எழுத்தைப் பிரித்து எழுதுக, சேர்த்து எழுதுகன்னு மார்க்குக்காக எழுதினது இங்கிலாந்து நிகழ்ச்சி வழியா திரும்பி வந்து சரியா உட்கார்ந்துச்சு. நிகழ்ச்சியில் 1992லிருந்து அகராதி மூலையில் உட்கார்ந்திருக்கிற சூசி டென்ட்டுக்குப் பதிலா, எங்களுக்கு 'தமிழர் மரபு' பாடம் எடுக்கிற அம்மா க்ரியா அகராதியோட உட்கார்ந்தாங்க. பரிசுக்கு டீப்பாட் தேடினோம். பட்ஜெட்டுக்குள்ள வந்தது தூக்குவாளி. டீ வாங்கிட்டு வர்றதுதானே, சரின்னு விட்டோம்.

நான் நடத்துற பக்கம்தான் இருந்திருக்கணும். ஒரு ஆள் குறையுதுன்னு கடைசி நேரத்தில் போட்டியாளராச் சேர்ந்தேன். கணக்குகளை எல்லாம் செயலாளரே தனியாத் தயார் பண்ணிக்கிட்டார். அதில் நான் தலையிடலை. இது உண்மை, நம்புங்க.

இறுதிச் சுற்றில் எனக்கு எதிரே ஒரு லேட்டரல் என்ட்ரி தம்பி. மெக்கானிக்கல், இரண்டாம் வருஷம். பாலிடெக்னிக் முடிச்சு நேரா வந்தவன். லேட்டரல்னாலே "எம் த்ரீ தாண்டுமா?"ன்னு நம்ம காலேஜ்ல ஒரு பேச்சு உண்டே. அவனை மேடையில் பார்த்ததும் எனக்கும் உள்ளுக்குள்ள அதே பேச்சு ஓடுச்சு. மறைக்க விரும்பலை.

முதல் சுற்று சொல். ம், அ, ர், ம், உ, க், அ, ள், அ. நான் 'மரம்'. அவன் 'மகள்'. ஆளுக்கு ஐந்து. கடைசி வரிசையில் நின்னு வேடிக்கை பார்த்துக்கிட்டிருந்த லேப் அக்கா "ஏம்ப்பா, மருமகள்!"னு சத்தம் போட்டாங்க. ம், அ, ர், உ, ம், அ, க், அ, ள். ஒன்பதும்! பதினெட்டுப் புள்ளி. அரங்கமே எழுந்து கைதட்டுச்சு. நியாயமாப் பார்த்தா அன்றைய வெற்றியாளர் அவங்கதான். வீட்டுக்கு மருமகள் வரப்போற நேரம்னு அப்புறம் சொன்னாங்க.

இரண்டாவது, எண். 75, 8, 10, 3, 7, 6. வரவேண்டியது 571. எட்டு எழுபத்தைந்து அறுநூறு. மூன்று பத்து முப்பது. கழிச்சா 570. இன்னும் ஒண்ணு வேணும். கையில் 7, 6 சும்மா கிடக்கு. இதை இப்போ எழுதும்போது எனக்கே சிரிப்பா இருக்கு. ஆனா அப்போ முள் இறங்குறதைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன், 7இல் 6 போனா எவ்வளவுன்னு தோணவே இல்லை. அவன் 571ன்னு சொல்லிப் பத்து வாங்கினான். அடுத்த சொல் சுற்றில் நான் 'கடிதம்', அவன் 'படம்'. எனக்கு ஏழு. அடுத்த எண் சுற்றில் இரண்டு பேரும் சரி. நான் 22. அவன் 25.

கடைசிச் சுற்று. செயலாளர் உறையைப் பிரிச்சு அட்டைகளை ஒவ்வொன்றா மாட்டினார். 100. 75. 50. 25. பெரிய எண் நாலும்! அரங்கத்துல "ஓ..."ன்னு ஒரு சத்தம். அப்புறம் 6. அப்புறம் 3. எனக்குக் கை சில்லிட்டுப் போச்சு. வரவேண்டிய எண்ணை அவர் திருப்புறதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும்.

952.

விடை இல்லாத கணக்கு வந்துடக் கூடாதேன்னு இணையத்தில் தேடி, விடையோட கிடைச்சதை எடுத்து வச்சிருக்கார், பாவம். அந்த முப்பது நொடியில் நான் செய்ததைச் சொல்றேன். முதல் ஐந்து நொடி, கையைத் தூக்கி "அண்ணா, இது எனக்குத் தெரிஞ்ச கணக்கு, வேற கொடுங்க"ன்னு சொல்லணும்னு நினைச்சேன். மீதி இருபத்தைந்து நொடி யோசிக்கிற மாதிரி நடிச்சேன். பேப்பர்ல எதையோ எழுதி அடிச்சேன். அந்த அடித்தல்தான் எல்லாத்தையும் விட எனக்கு அசிங்கமா இருக்கு.

மணி அடிச்சது. "எவ்வளவு?"ன்னு கேட்டாங்க. "952." அவன்கிட்ட கேட்டாங்க. தலையைத் தூக்காமலே எழுதிக்கிட்டிருந்தான். "அண்ணா, ஒரே ஒரு..."ன்னான். "பெல் அடிச்சாச்சு தம்பி"ன்னார் செயலாளர். பேனாவை வச்சுட்டான்.

நான் எழுந்து போய்ப் பலகையில் எழுதினேன். 106. 318. கொஞ்சம் நிறுத்தி, 23,850. அந்த யூடியூப் துண்டில் எந்த இடத்தில் சிரிப்பு வந்ததோ அதே இடத்தில் இங்கேயும் விசில். 952ன்னு எழுதி முடிச்சப்போ கைதட்டல் நிற்கவே இல்லை. எல்லாரையும் விடப் பலமாத் தட்டினது அவன். மேடையை விட்டு இறங்கும்போது பக்கத்தில் வந்து, "எப்படிண்ணா? 318ஐ 75ஆல மனசுலயே எப்படிண்ணா?"ன்னு கேட்டான்.

"அப்படியே தோணுச்சுடா"ன்னேன்.

தெரிஞ்ச கணக்கு வந்தது அதிர்ஷ்டம்னு கூட விட்டுடலாம். தேர்வுல போன வருஷக் கேள்வி வந்தா எழுதாம விடறோமா? ஆனா அந்த ஒரு பதில் அப்படி இல்லை. யாரும் என்னைக் கட்டாயப்படுத்தலை.

அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரலை. எல்லாரும் எழுதின பேப்பர்களைச் சேர்த்துக் கட்டி என் அறையில்தான் வச்சிருந்தாங்க. அவன் பேப்பரை எடுத்துப் பார்த்தேன். சின்னச் சின்ன எழுத்து.

75 × 6 = 450
450 ÷ 50 = 9
100 + 3 = 103
103 × 9 = 92

அதோட நின்னிருந்தது. 927இல் அந்த 7ஐ எழுதலை. கையில் மிச்சம் இருந்தது 25. கூட்டினா 952.

கொஞ்ச நேரம் அசையாம உட்கார்ந்திருந்தேன். அப்புறம் பைத்தானில் ஒரு சின்ன நிரல் எழுதி, எல்லா வழிகளையும் தேடச் சொன்னேன். இந்த ஆட்டத்தில் ஆறு அட்டைகள் வரக்கூடிய சேர்க்கைகள் மொத்தமே 13,243தான், அதில் ஒன்றை ஆராய்றது கணினிக்குப் பெரிய வேலை இல்லை. நிரல் இரண்டு வழியையும் காட்டுச்சு. உலகமே பார்த்து வியந்த வழி 23,850 வரைக்கும் ஏறிட்டு இறங்குது. அவன் வழியில் விடையை விடப் பெரிய எண் ஒன்றுகூட வரலை. படிப்படியா ஏறி 952இல் நிக்குது. எனக்கு அது அந்தப் புகழ்பெற்ற விடையை விட அழகாப் பட்டுது. மனசுக்குள்ள சட்டுனு செய்யக்கூடியது. இன்னும் மூன்று நொடி, இல்லை நாலு நொடி. அவனுக்குச் சரியா இருந்திருந்தா ஆளுக்குப் பத்து, 35க்கு 32ன்னு அவன் ஜெயிச்சிருப்பான்.

மெதுவா இருந்ததால தோத்தவன் அவன். நான் மூன்று கம்பெனியில் தோத்த அதே மாதிரி.

சொல்றதுக்கு எனக்குப் பதினெட்டு நாள் ஆச்சு. இடையில் அவன் வகுப்புல என் 'முறை'யைப் பத்தி எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டிருக்கான்னு கேள்விப்பட்டேன். கடைசியில ஒரு நாள் அவன் அறைக்குப் போய், ஒண்ணும் பேசாம போனைக் கையில் கொடுத்து அந்தத் துண்டைப் போட்டேன். பார்த்தான். 23,850 வந்ததும் என்னை ஒரு தடவை பார்த்தான். மறுபடி திரையைப் பார்த்தான். முடிஞ்சதும் இன்னொரு தடவை போட்டான்.

"திட்டுடா"ன்னேன்.

"இவருக்கு முதல்ல எப்படிண்ணா தோணியிருக்கும்?"ன்னான்.

அவன் பேச்சை மாத்துறானோன்னு பார்த்தேன். இல்லை, நிஜமாவே அதைத்தான் யோசிச்சுக்கிட்டிருந்தான். என் பொய் அவனுக்கு இரண்டாம் பட்சம். கணக்குதான் முதல். நோட்டை எடுத்துக்கிட்டோம். முக்கால் மணி நேரம் ஆச்சு. 318ஐ மூன்றால் பெருக்கினா 954. இரண்டு கழிச்சா 952. ஆனா மூன்று ஏற்கெனவே செலவாயிடுச்சு. இன்னொரு மூன்று வேணும்னா 75ஐ 25ஆல வகுக்கணும். இரண்டு வேணும்னா 50ஐயும் 25ஆல வகுக்கணும். இருக்கிறதோ ஒரே ஒரு 25. அதனால இரண்டையும் வகுக்காம அப்படியே வச்சு, முதல்ல 75ஆல பெருக்கி, 50ஐக் கழிச்சு, கடைசியில மொத்தத்தையும் ஒரே தடவை 25ஆல வகுத்துட்டா? பங்கீட்டுப் பண்பு. எட்டாம் வகுப்புப் பாடம். அந்த ஆள் 23,850ஐ மனசில் பெருக்கிப் பார்த்துத்தான் விடை கண்டுபிடிச்சார்னு அவசியமே இல்லை. 954, இரண்டு குறைவுன்னு பார்த்தா போதும்.

"ஒரு 25ஐ ரெண்டு பேருக்கும் பங்கு போட்டுட்டாருண்ணா"ன்னு அவன் சொன்னப்போதான், ராத்திரி ராத்திரியா அவ்வளவு தடவை பார்த்தும் அந்தத் துண்டு எனக்குப் புரியவே இல்லைன்னு தெரிஞ்சது. நான் மனப்பாடம்தான் பண்ணியிருக்கேன்.

"நீ எப்படி 450க்குப் போனே? எனக்கெல்லாம் 75ஐயும் 50ஐயும் பார்த்தா வகுக்கத் தோணாதே, பின்னம்தானே வரும்"னேன்.

"லேத்துல திரெட் வெட்ட சேஞ்ச் கியர் கணக்கு போடுவோம்ல, அதே பழக்கம்ணா. மேல இருக்கிறதையெல்லாம் பெருக்கிட்டு அப்புறம் கீழ வகுக்கறது."

பாலிடெக்னிக்ல கத்துக்கிட்டது. நான் லேத்தைத் தொட்டது முதல் வருஷ ஒர்க்‌ஷாப்போட சரி.

செயலாளர்கிட்டயும் சொல்லிட்டேன். அவர் கொஞ்சம் கோபப்பட்டார், அதில் நியாயம் இருக்கு. முடிவை மாத்தி அறிவிக்கலாமான்னு பேச்சு வந்தப்போ அவன்தான் வேணாம்னான். பெல் அடிச்சப்போ அவன் முடிக்கலை, அது விதிதானேன்னு சொல்லிட்டான். தூக்குவாளியை எடுத்துட்டுப் போய்க் கொடுத்தேன். வாங்க மாட்டேன்னான். மேசை மேல வச்சுட்டு வந்துட்டேன்.

இப்போ அது அவன் அறையில் இருக்கு. மூடியில ஒரு நெளிவு விழுந்திருச்சு. ராத்திரி பத்தரைக்கு கேட்டுக்கு வெளியே இருக்கிற கடையில அதுலதான் ஆறு பேருக்கு டீ வாங்கிட்டு வர்றோம். யார் போறதுன்னு முடிவு பண்ண ஆறு அட்டை எடுக்கிறோம். கடிகாரம் வைக்கிறதில்லை, எல்லாரும் முடிக்கிற வரைக்கும் காத்திருப்போம், கடைசியா முடிக்கிறவன் போகணும். நேத்து 25, 9, 7, 4, 4, 1. வரவேண்டியது 683.

நான்தான் போனேன்.